ஆத்தா வந்தபோது உருண்ட பந்து

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகிற காலை பஸ்ஸில் நானும் அவனும் பன்னிரண்டு வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனவர்கள். நான் ஒன்றரை ஏக்கரில் நெல் போடுகிறவன். அவன் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் கால்பந்து நடுவர்கள். அவன் காலை ஜெபத்தை முடித்துக்கொண்டு ஓடி வருவான். நான் மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வருவேன். பையில் கறுப்புச் சட்டை, டிராயர், இரண்டு கலர் அட்டை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில்.

தண்ணீர் பாட்டிலை மறக்கவே கூடாது. நான் புதிதாக விசில் ஊதிய காலத்தில் ஒரு ஊரில் வெயில் தாங்காமல் உள்ளூர்க்காரர் கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டேன். இரண்டாம் பாதியில் அந்த ஊருக்கு ஒரு பெனால்டி கொடுக்க வேண்டி வந்தது. கொடுத்தது சரிதான். ஆனாலும் எதிர் டீம்காரன் ஒருவன் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினான்.

"ஒரு சொம்பு மோருக்கே பெனால்டின்னா, பிரியாணி போட்டிருந்தா கப்பையே குடுத்திருப்பாரு போல!"

மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் தண்ணீர், எங்கள் சோறு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் ஒரு பக்கம் கூத்தடிப்பான், தோற்றவன் ஒரு பக்கம் வேனில் ஏறுவான். நானும் அவனும் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவோம். அந்த இடத்தில் எங்களோடு பேச வேறு யாரும் வரமாட்டார்கள். வந்தால் தப்பாகிவிடும். அதனால்தான் அவன் எனக்கு அவ்வளவு வேண்டியவனாக ஆகிப்போனான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் வீடு காலனியில், சர்ச்சுக்குப் பின்னால். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஊருக்குள் என்னைப் பார்த்தால் "நீங்க" என்றுதான் பேசுவான். வேண்டாம்பா என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டான். பஸ் ஏறி ஊர் எல்லை தாண்டினதும் "நீ" வந்துவிடும். மைதானத்தில் "டேய்" கூட வரும். எனக்கு அது பிடிக்கும்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் பயிற்சிக்குப் போனோம். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாள் வகுப்பு. நான் பத்தாவது தவறியவன். விதிகளைத் தமிழில் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். அதில் பாதி எனக்கு விளங்காது. அவன் ஒரு செங்கல்லை பந்தாக வைத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்குக் காட்டுவான். சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். முதல் நாளே ஒன்று சொன்னார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடாதே, கையில் வைத்திரு. கையிலிருந்து வாய்க்குப் போகிற நேரத்தில் புத்தி வேலை செய்யும், அந்த அரை நொடிதான் உன்னைக் காப்பாற்றும் என்றார்.

வீட்டுக்கு வந்து ஏரிக்கரையில் பழகினோம். நடுவருக்குப் பின்பக்கமாக ஓடத் தெரிய வேண்டும். சாயங்காலம் கரைமேல் இரண்டு பேரும் பின்னால் பின்னால் ஓடுவதைப் பார்த்து மாடு ஓட்டி வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள்.

"இன்னாடா இது, கடங்காரனப் பாத்துட்டாங்களா?"

"பொண்டாட்டியப் பாத்துக்கினே ஓடறானுங்க போல, எங்க வந்து அடிப்பாளோன்னு!"

ஆட்டம் தொடங்கும் முன்னால் நான் மனசுக்குள் ஒன்று வேண்டிக்கொள்வேன். தாயே, என் வாயால யாருக்கும் அநியாயம் நடக்காம பாத்துக்கோ. அவ்வளவுதான். அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வான். பிறகு நான் நடுவராக நின்றால் அவன் கொடி பிடிப்பான், அவன் நடுவரானால் நான் கொடி பிடிப்பேன். எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. நடுவர் ஒரு முடிவு எடுத்துவிட்டு, மனசில் சந்தேகம் இருந்தால் கொடிக்காரன் முகத்தை ஒரு தடவை பார்ப்பான். கொடிக்காரன் தலையை லேசாக ஆட்டினால், சரி, நீ செய்தது சரி என்று அர்த்தம். ஆட்டாமல் நின்றால் கிட்டே வந்து பேசு என்று அர்த்தம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களாகவே வைத்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை ஒருவனுக்கு ஒருவன் தலையாட்டியிருப்போமோ.

பிறகு என் முட்டி போய்விட்டது. ஒரு ஆட்டத்தில் பின்பக்கமாக ஓடும்போது பள்ளத்தில் கால் வைத்துவிட்டேன். அவன்தான் என்னைத் தன் டி.வி.எஸ்ஸில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனான். இனி ஓடக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு மாவட்டச் சங்கத்தில் என்னை மதிப்பீட்டாளராக வரச் சொன்னார்கள். நடுவர் எப்படி ஊதுகிறார் என்று பார்த்து மார்க் போடுகிற வேலை. ஒரு தேர்வு வைத்தார்கள், தட்டுத் தடுமாறி எழுதினேன்.

நடுவர் வேலையே தனி ஆள் வேலை என்று நினைத்திருந்தேன். இது அதைவிடத் தனி. பார்வையாளர்களோடு உட்காரக்கூடாது. டீம்காரர்களோடு பேசக்கூடாது. மார்க் போடப்போகிற நடுவரோடு பஸ்ஸில்கூடச் சேர்ந்து வரக்கூடாது. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய்விட வேண்டும். முந்நூறு பேர் பந்தைப் பார்க்கும்போது நான் மட்டும் அந்த ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். அவன் எங்கே நிற்கிறான், கையை எப்போது தூக்குகிறான், விசில் எப்போது வாய்க்குப் போகிறது. கோல் விழுந்தால் ஊரே எழுந்து குதிக்கும், நான் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். பல ஆட்டங்களில் கோல் எப்படி விழுந்தது என்றே எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். அவனுக்கு மாநில அளவு நடுவராகப் போக ஒரு வாய்ப்பு இருந்தது. அதற்கு மூன்று ஆட்டங்களில் நல்ல மார்க் வாங்க வேண்டும். இரண்டு ஆட்டம் முடிந்து, வேறு ஆட்கள் நல்ல மார்க்கே போட்டிருந்தார்கள். மூன்றாவது பாக்கி. நாற்பது வயது முடிந்தால் பிறகு சேர்க்கமாட்டார்கள். ஆவணியில் அவனுக்கு நாற்பது முடிகிறது.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வளந்தவங்கன்னு தெரியும். ஆனா வேற ஆளு இல்ல. நீ நேர்மையா எழுதுவே," என்றார் செயலாளர்.

எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். அவன் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் ரெஃப்ரி என்றுதான் சொல்லுமாம். ஒரு தடவை கோல் கம்பத்துக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"ஒரே ஒரு தபா பெரிய கிரவுண்டுல மைக்குல என் பேர சொல்லணும்பா. அப்பால வந்து செங்கல்லு அடுக்கினாக்கூட கவலையில்ல."

ஆடி மாதம், முதல் ஞாயிறு. வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு கிராமத்தில் திருவிழா டோர்னமென்ட், இறுதி ஆட்டம். அன்று காலை பஸ்ஸில் அவன் முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான். நான் கடைசிக்கு முந்தின சீட்டில். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என்னைப் பார்த்தார், திரும்பி அவனைப் பார்த்தார்.

"இன்னா நைனா, சண்டையா ரெண்டு பேருக்கும்?"

"அதெல்லாம் இல்ல. ரூலு," என்றேன்.

"பஸ்ஸுக்கெல்லாமா ரூலு போட்டுக் கீறாங்க?"

முன் சீட்டில் அவன் தோள் குலுங்கியது. திரும்பிப் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஏரி வற்றியிருந்தது. அதன் உள்வாயில்தான் மைதானம். சவுக்குக் கம்பு நட்டு, மீன் வலையைக் கட்டி கோல் போட்டிருந்தார்கள். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு கரை ஓரம் ஒரு வேலிக்காத்தான் நிழலுக்குப் போய்விட்டேன். உள்ளூர் டீமும் வாலாஜாபாத் பக்கத்து டீம் ஒன்றும். அம்மன் ஊர்வலம் ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும் என்று விழாக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் கப்பு கொடுக்க வர வேண்டிய பெரிய மனிதர் வர நேரமாகி, ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. ஊர்வலத்துக்கு அந்தக் கவலை இல்லை. நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டது.

அவன் அன்று ஊதின மாதிரி நான் பார்த்ததில்லை. பந்து போகிற இடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறான். இரண்டு தடவைதான் குரலை உயர்த்தினான். நான் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் நல்ல மார்க் போட்டுக்கொண்டே வந்தேன். ஆட்டம் முடிய பத்து நிமிஷம்கூட இல்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அப்போது மதகுப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் வந்தது. மைக்கில் ஒருவர் கத்தினார்.

"ஆத்தா வரா! ஆத்தா வரா! ஒதுங்கு, ஒதுங்கு!"

சுற்றி நின்ற கூட்டம் அப்படியே கரைப் பக்கம் திரும்பியது. வாலாஜாபாத் டீம் முன்வரிசை ஆட்டக்காரன் அதற்குள் பந்தை உதைத்திருந்தான். நல்ல உதை என்று சொல்ல முடியாது, மெல்ல உருண்டு வந்தது. உள்ளூர் கோல்கீப்பர் கையுறையோடு கையைக் கூப்பிக்கொண்டு ஆத்தாவைப் பார்த்து நின்றுவிட்டான். அந்தப் பக்கத்துக் கொடிக்காரரும் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். என் நண்பன் கையிலிருந்த விசில் மேலே போக ஆரம்பித்ததைப் பார்த்தேன். மைதானத்துக்குள் வேறு ஏதாவது நுழைந்தால், ஆட்டத்துக்கு இடைஞ்சல் வந்தால், நிறுத்த நடுவருக்கு உரிமை உண்டு. நிறுத்துவது தப்பில்லை.

அவ்வளவுதான் நான் பார்த்தது. என் வாழ்நாள் முழுக்க ஆத்தா வரும்போது செய்ததையே செய்தேன். நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பைக் கழற்றி, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, யாருக்கும் அநியாயம் நடக்காம பாத்துக்கோ. ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

கண்ணைத் திறந்தபோது பந்து வலைக்குள் இருந்தது. அவன் வாயில் விசில், கை மேலே. எல்லோரும் உறைந்துபோன மாதிரி நின்றிருந்தார்கள். பம்பைச் சத்தத்தில் விசில் யாருக்கும் கேட்டிருக்காது. அவன் கொடிக்காரரைப் பார்த்தான். அவர் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அவ்வளவு தூரத்திலிருந்து, நேராக என்னைப் பார்த்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

அவன் பார்த்தான், தலை ஆடிவிட்டது. மதிப்பீட்டாளர் எந்தச் சைகையும் காட்டக்கூடாது என்பது முதல் விதி. அது நினைவுக்கு வந்தபோது அவன் கையை நீட்டி, கோல் இல்லை என்று காட்டிவிட்டான். ஊர்வலம் கடந்துபோன பிறகு, பந்தைத் தரையில் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்க வைத்தான்.

பிறகு கூச்சல்தான். வாலாஜாபாத் கேப்டன் அவன் முகத்துக்கு நேராக வந்துவிட்டான்.

"இன்னா சார் இது? பந்து உள்ள போனப்பறம்தான் நீ விசிலே எடுத்தே! எங்க ஊருல சாமி இல்லியா, நாங்க கும்பிடறதில்லியா?"

"கோட்டத் தாண்டறதுக்கு முன்னாடியே ஊதிட்டேன். போ, போய் ஆடு."

உள்ளூர்க்காரர்கள் கரைமேலிருந்து, "ஆத்தாவே வந்து புடிச்ச பந்துடா அது! அவளுக்கே கோலு போடப் பாக்கிறியா?" என்று சிரித்தார்கள். ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்து, பெனால்டி உதையில் உள்ளூர் டீம் ஜெயித்தது. வாலாஜாபாத் பிள்ளைகளில் ஒருவன் கோல் கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். பந்தை உதைத்தவன் அவன்தான். அன்று மாலையே அவர்கள் சங்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசில் முன்னாலா, பந்து முன்னாலா. அதைச் சொல்ல வேண்டியவன் நான். அந்த ஒரு ஆளை மட்டும் பார்க்கத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை மோட்டார் போட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவன் வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வரப்பின்மேல் வந்தான்.

"எழுதிட்டியா?" என்றான். எங்கள் ஊர் மண்ணில் நின்று அவன் என்னை "நீ" என்றது அதுதான் முதல் தடவை.

"ரிப்போர்ட் குடுக்கற வரைக்கும் பேசக்கூடாதுப்பா. உனக்கே தெரியும்."

"அத்த வுடு. நான் ஊதினப்போ பந்து கோட்டுக்கு இந்தாண்டதான இருந்திச்சி? ஒரு முழம் இருந்திச்சி இல்ல?"

நான் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாபா கம்முனு கீறே? நீ பாத்தே இல்ல?"

"பாக்கல."

"பாக்கலன்னா?"

"கண்ண மூடிக்கினு கும்பிட்டுக்கினு இருந்தேன்."

சிரித்தான். "காலங்காத்தால வெளையாடாத."

"மெய்யாலுமேதான்."

சிரிப்பு நின்றது. "அப்ப தல ஆட்டினே?"

"ஆட்டினேன்."

"இன்னாத்துக்கு ஆட்டினே?"

"தெரில. நீ பாத்தே. ஆட்டிட்டேன்."

அவன் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எனக்கே சந்தேகம்பா. பம்பை சத்தத்துல என் விசிலு எனக்கே கேக்கல. கோலே குடுத்துடலாமான்னு இருந்திச்சி. உன்னியப் பாத்தேன். நீ தல ஆட்டினே. சரி, அவன் கண்ணு தப்பாதுன்னு நெனச்சேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "உங்க ஆத்தாளுக்காகத்தான் ஊதினேன். எனக்கு இன்னா வந்திச்சி? பந்து போவட்டும்னு வுட்டிருந்தா ஒரு பேஜாரும் இல்ல. ஊரே கையக் கூப்பிக்கினு நிக்கிது, நான் மட்டும் எப்படி ஆட்டத்த ஓட்டறது?"

அந்த ஊர்வலம் அவன் தெரு மாதிரித் தெருக்களுக்குள் திரும்புவதில்லை. அந்த ஊரிலும் இல்லை, எங்கள் ஊரிலும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை.

"ஒரே வரி எழுது. பாத்தேன், விசிலு முன்னாடின்னு. யாருக்கு இன்னா நஷ்டம்? கப்பு குடுத்தாச்சி. அந்தப் பசங்க அடுத்த வருசம் வந்து ஆடுவானுங்க. எனக்கு அடுத்த வருசம் இல்லியே."

மடை உடைகிற மாதிரி இருந்தது, மண்ணை வெட்டிப் போட்டேன். தலை நிமிர்ந்தபோது அவன் வண்டி போய்விட்டிருந்தது.

படிவத்தை சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். இரண்டு நாள் அதை எடுப்பேன், பார்ப்பேன், திருப்பி வைப்பேன். ஆட்டத்தின் முக்கிய நிகழ்வை எழுதவும் என்று கீழே ஒரு கட்டம். அது மட்டும் காலி. என் வீட்டுக்காரி அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி தபாதான்யா அந்தப் பேப்பர எடுத்து எடுத்துப் பாப்பே? உன் முட்டி போனப்போ வண்டியில போட்டுக்கினு ஓடினது யாரு? ஒரு வரி எழுதிக் குடேன்."

"பாத்திருந்தா எழுத மாட்டேனா?"

"பாக்காததுக்கே தல ஆட்டினவனுக்கு, எழுதறதுக்கு மட்டும் இன்னா வந்திச்சாம்?"

அவள் சொன்னது எனக்கு வலித்தது. அது உண்மை என்பதால் வலித்தது. வேறு வழியும் யோசித்தேன். பார்க்கவில்லை என்று மட்டும் எழுதிவிடலாம். எழுதினால் அவன்தான் தானாகவே தப்பாக முடிவெடுத்தான் என்று ஆகிவிடும். நான் தலையாட்டியதை எழுதினால் கெடுதல் எனக்கு வரும், அவன் மேல் பழி குறையும் என்று கணக்குப் போட்டேன். கம்மியாகப் படித்தவன் போடுகிற கணக்கு.

விளக்கேற்றிவிட்டு எழுதினேன். "அம்மன் ஊர்வலம் வந்தது. நடுவர் விசிலை எடுத்தார். நான் கண்ணை மூடி சாமி கும்பிட்டேன். விசில் முன்னாலா பந்து முன்னாலா என்று நான் பார்க்கவில்லை. நடுவர் என்னைப் பார்த்தபோது நான் தெரியாமல் தலையை ஆட்டினேன். அதை நம்பி அவர் கோல் இல்லை என்றார். இது என் தப்பு, அவர் தப்பு அல்ல. மற்றபடி அவர் மிக நன்றாக ஊதினார்."

காஞ்சிபுரம் போய் செயலாளர் கையிலேயே கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ண மூடினேன்னு எந்த அசெஸராவது எழுதித் தருவானாய்யா?"

"நடந்தத எழுதினேன் சார்."

"தல ஆட்டினத மட்டும் எடுத்துடு. வேற ஃபாரம் தரேன். உனக்கும் நல்லது."

"அத எடுத்தா அவம்மேல போயிடும் சார்."

"இத எழுதினா மட்டும் போகாதா?" என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

பத்து நாளில் முடிவு சொன்னார்கள். ஆட்டத்தின் முடிவில் மாற்றமில்லை. மதிப்பீட்டாளர் நடுவருக்குச் சைகை காட்டியதால் அந்த மதிப்பீடு செல்லாது, வேறு ஆட்டத்தில் புதிதாகப் பார்க்க வேண்டும். என்னை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவனுக்கு வேறு ஆட்டம் கிடைத்துவிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். ஒரு ஆட்டம் குறித்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டி மைதானத்தில் முழங்கால் தண்ணீர். அடுத்த வாரம் இன்னொன்று குறித்தார்கள், அதற்கு ஒரு டீம் வரவில்லை. ஆவணி வந்தது. அவனுக்கு நாற்பது முடிந்தது.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரம் அவனைப் பார்த்தேன். கிட்டே போனேன்.

"எழுதினது உனக்கு நல்லதுன்னு நெனச்சித்தான்..."

"சொன்னாங்க," என்றான். "பரவால்லீங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க."

நின்று டீ குடித்து முடித்தான். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

பிறகு இரண்டு மூன்று சின்ன ஆட்டங்களுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் போகவில்லை. கிறிஸ்துமசுக்கு வருஷம் தவறாமல் அவன் வீட்டிலிருந்து முறுக்கும் கேக்கும் வரும். அந்த வருஷமும் வந்தது. மகள் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். என் வீட்டுக்காரி தூக்கை வாங்கிக்கொண்டு, "அப்பா வரலியாம்மா?" என்று கேட்டாள். "வேலைக்குப் போயிட்டாரு," என்றது அந்தப் பெண். பொங்கலுக்கு நானும் அப்படியே வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமைகளில் திருமுக்கூடல் பெருமாளைப் பார்க்கப் போகிறேன். முன்னெல்லாம் தீபாராதனை காட்டும்போது தானாகக் கண் மூடிக்கொள்ளும். இப்போது மூடுவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடுகிறேன். கண் எரிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வேண்டுதலும் பாதியில் நின்றுவிடுகிறது. என்ன கேட்பது என்று தெரியவில்லை.

என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். போன மாதம் வாலாஜாபாத்தில் ஒரு ஆட்டம், புதிதாகப் பயிற்சி முடித்த நடுவர்களுக்கு மார்க் போட வேண்டும். காலை பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பை. அடுத்த நிறுத்தத்தில் அவன் ஏறினான். கையில் சிமெண்டுப் பையில் சுற்றிய கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு. ஞாயிற்றுக்கிழமையிலும் இப்போது வேலைக்குப் போகிறான் போலிருக்கிறது.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நகர்ந்து ஜன்னல் ஓரம் போனேன்.

"நல்லா கீறீங்களா?" என்று கேட்டான்.

"கீறேன்பா. வா."

"தோ, முன்னாடி எடம் கீதுங்க," என்றான். டிரைவருக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தான்.

கண்டக்டர் அதே ஆள்தான். டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் ஒரு பார்வை, என்மேல் ஒரு பார்வை.

"இன்னா நைனா, இன்னுமா அந்த ரூலு கீது?"

நான் சில்லறையை எடுத்துக் கொடுத்தேன். முன் சீட்டில் அவன் தோளைப் பார்த்தேன். குலுங்கவில்லை. வாலாஜாபாத் வருகிறவரைக்கும் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.